புழுவுக்கு மருந்து தேடி கரங்கானுக்கு

அன்றைக்கு அந்தச் செம்பனை, அதாவது பாமாயில் மர வரிசையில் நின்றவர்கள் நான்கு பேர். நான். என் தங்கை ஸ்டெல்லா. அவளோடு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்யும் ஐனா என்ற மலாய்ப் பெண். மருந்து அடிக்கும் ராஜு அண்ணன். ஐந்தாவதாக ஒருவரும் இல்லை. ஆகவே நான் கேட்ட கேள்விக்குச் சிரித்தவர்கள் மூன்று பேர்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

அந்தக் கேள்வி வரை வருவதற்கு முன் என் புழுக்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தருமபுரிப் பக்கம் பாலக்கோட்டுக்கு அருகே ஒன்றரை ஏக்கர் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறேன். போன இரண்டு முறையும் நாலாம் ஜுரம் தாண்டியதும் புழுக்கள் கறுத்து, தொட்டால் கூழாகி, கொட்டகையே நாறியது. ஜுரம் என்றால் நோய் இல்லை. புழு தோலுரிப்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். இரையெடுக்காமல் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். நோய் அதற்குப் பிறகு வந்தது. பாக்டீரியா என்றார் பட்டு வளர்ச்சித் துறைக்காரர். மூன்றாவது முறையும் இப்படிப் போனால் மல்பெரியைப் பிடுங்கிவிட்டுத் தக்காளி நடுவது என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். இருபது வருடமாக நான் பார்த்துக்கொண்ட தோட்டம் அது.

அந்த நேரத்தில்தான் மலாய் நாட்டிலிருந்து ஸ்டெல்லாவின் குரல் செய்தி வந்தது. "நாங்க இங்க புழுவுக்கு மருந்துதான் கா பாக்குறோம். பாக்டீரியா உள்ள போனா புழு உடம்புல என்ன நடக்குதுன்னு."

அதை எத்தனை முறை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. தெருவில் எல்லோரிடமும் சொன்னேன், இளம்புழு கொடுக்கும் ஆளிடமும் சொன்னேன். அவள் மகளுக்குப் புது நன்மை, முதல் முறையாக நற்கருணை வாங்கும் நாள், என்று அழைத்தபோது மறுபேச்சில்லாமல் கிளம்பினேன். பெட்டிக்குள் மூன்று தேன் பாட்டில்கள், காலியாக, வெந்நீரில் கொதிக்க வைத்துக் காயவைத்தவை. மருந்தை ஊற்றிக்கொண்டு வர.

விமான நிலையத்தில் இந்தக் காலிப் பாட்டில் எதற்கென்று அதிகாரி கேட்டால் என்ன சொல்வது என்று நாலு விதமாக யோசித்து வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்காததும் எனக்குக் கவலையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை ஸ்டெல்லாவே காரோட்டி வந்து அழைத்துப் போனாள். இரண்டு பக்கமும் பச்சை. அந்த ஈரத்தைப் பார்த்தபோதே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. எங்கள் பக்கம் ஒரு மழைக்காக ஆகாயத்தைப் பார்த்துக் கழுத்து வலிக்கும். இங்கே சாலையோரக் களைகூட என் மல்பெரியைவிடக் கொழுத்திருக்கிறது. லாரிகளுக்கு நடுவே அவள் புகுந்து புகுந்து போக, நான் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தேன்.

"அக்கா, தரையில ஓட்டை போட்ராத லா," என்றாள். பேச்சுக்குப் பேச்சு ஒரு லா, அந்த ஊரில் ஒட்டிக்கொண்டது.

வழியில் சாப்பாட்டுக் கடையில் நின்றோம். கல்லாவில் இருந்தவர் என்னைப் பார்த்து, "மாக்கானா, புங்குஸா?" என்றார். ஏதோ திட்டுகிறார் என்று ஸ்டெல்லாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். இங்கேயே சாப்பிடுகிறீர்களா, பொட்டலம் கட்டித் தரவா என்று கேட்டாராம். மீன் குழம்பில் புளி நம் புளி இல்லை. ஆனால் நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததும் பிடிக்கவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். யாரும் என்னை நிறுத்தவில்லை. தங்கைக்காக விட்டுக்கொடுத்தேன் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. அரைப் பரீட்சை அன்று காலை வாந்தி எடுத்தேன், மறு பரீட்சைக்கும் எடுத்தேன், அப்புறம் புழுக்கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டேன். என்னைவிட ஆறு வயது சின்னவள் அதே பள்ளிக்கூடத்துக்குப் போய், விலங்கியல் படித்து, கெடாவில் கல்யாணமாகி, கூலிமில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்கிறாள். பழி போட ஆளில்லாத பொறாமை இருக்கிறதே, அது வேறு மாதிரி அரிக்கும்.

ஞாயிறு, மாதா கோயில். தங்கை மகள் வெள்ளைக் கவுனில் அழகாக இருந்தாள். என் மகனின் புது நன்மைக்கு இரவல் சட்டை என்பது அந்த நேரத்தில்தானா நினைவுக்கு வர வேண்டும்?

திங்கள் காலை கரங்கான் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போனோம். இளம் மரங்கள், ஓலை தலைக்கு எட்டும் உயரம். ஆனால் ஓலையெல்லாம் தீயில் காட்டியதுபோல் காய்ந்து, கிழிந்து கிடந்தது. அடியில் விரல் நுனி அளவில் சின்னச் சின்னப் பைகள் தொங்கின.

"உலாட் புங்குஸ்," என்றார் ராஜு அண்ணன். ஐம்பது வயதிருக்கும், முதுகில் மோட்டார் கட்டியிருந்தார். "பொட்டலப் புழு. வூட்டைக் கையோட தூக்கிக்கிட்டே திரியும் கா. வாடகை கெடையாது."

ஒரு பையைத் தொட்டுப் பார்த்தேன். ஓலைத் துணுக்குகளை ஒட்டியிருந்தது பட்டு. இருபது வருடக் கை ஏமாறாது. இந்தப் புழுவும் நூல் நூற்கிறது, யாரும் வளர்க்காமல், யாரும் கழுவித் துடைக்காமல், தோட்டம் முழுக்கக் கொழுத்துக் கிடக்கிறது. ஒரு பூச்சியைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அன்றுதான் முதல் முறை.

சில பைகள் லேசாக ஆடின. வாய் வழியே தலையை நீட்டிப் புழு தின்றுகொண்டிருந்தது. சில பைகளோ ஓலையோடு நூலால் இறுகக் கட்டப்பட்டு, வாய் சுருக்கி, அசைவில்லாமல் இருந்தன. இது ஜுரத்தில் கிடக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துச் சொல்வதுபோல.

ராஜு அண்ணன் மோட்டாரை இழுத்துவிட்டு வரிசை நெடுக மருந்து அடித்தார். பனிபோல் ஓலையில் படிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நோயாளிப் புழுக்களுக்கு இவ்வளவு செலவு செய்து வைத்தியம் பார்க்கிற நாடு! மோட்டார் நின்றதும் கேட்டேன்.

"அண்ணே, எத்தனை நாள்ல தேறும்?"

"எது?"

"புழு."

"தேறுமா? சாவும் கா!"

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். ஐனாவுக்கு அவள் மலாயில் சொல்ல, அந்தப் பெண்ணும் சிரித்தாள். ராஜு அண்ணன் மோட்டாரோடு சேர்ந்து குலுங்கினார். "இந்தியா அக்கா புழுவுக்கு டாக்டரா வந்திருக்காங்க டோய்!"

மருந்தில் இருந்ததே பாக்டீரியாதான். பொடியாக வருகிறதாம், தண்ணீரில் கலந்து அடிப்பார்களாம். ஓலையோடு உள்ளே போனால் புழுவின் குடல் ஓட்டையாகும். என் கொட்டகையிலிருந்து பிளீச்சிங் பவுடர் போட்டு நான் துரத்துகிற இனத்தை இவர்கள் மோட்டார் வைத்து வரவேற்கிறார்கள்.

"மருந்துன்னா பிழைக்கறதுக்கு இல்லையாடி?" என்றேன்.

"அக்கா, அடிக்கிற மருந்து லா. தக்காளிக்கு அடிக்கறப்ப நீயும் மருந்துன்னுதானே சொல்லுவ?"

சொல்வேன். அதுதான் தாங்க முடியவில்லை. ஒரே சொல். புழுவைப் பார்க்கிறவளுக்கு ஒரு பொருள், இலையைப் பார்க்கிறவளுக்கு ஒரு பொருள்.

ஸ்டெல்லாவும் ஐனாவும் சாமான் எடுக்கக் காருக்குப் போனார்கள். ராஜு அண்ணன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இந்த ஓலையில நூல் கட்டி வாய் மூடியிருக்கிற பை ஒண்ணும் சாகாது. பாக்கறீங்களா?"

"எங்கிட்டயா? பதினேழு வருஷமா மருந்து அடிக்கிறேன் கா."

"நான் இருபது வருஷமா புழு பாக்கறேன்."

"அஞ்சு ரிங்கிட் பந்தயம்."

"சரி."

அந்த ஓலையில் சிவப்புப் பிளாஸ்டிக் கயிறு கட்டினார். வெள்ளிக்கிழமை பார்ப்பதாகப் பேச்சு.

செவ்வாய் முழுக்க மழை. ஸ்டெல்லா என்னைச் சமாதானப்படுத்தக் கூலிமில் ரொட்டி சானாய்க் கடைக்கு அழைத்துப் போனாள். நம் பரோட்டா மாதிரி இருந்த அந்த ரொட்டியைப் பருப்புக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்க பாரு," என்றாள். "அந்த அண்ணன் ஆர்டரைச் சீட்டுல எழுதறாரு. சீட்டு உள்ள போகுது. அதைப் படிச்சுத்தான் ரொட்டி போடறாங்க. புழுவுக்குள்ள பாக்டீரியா நுழைஞ்சா, அதைக் கொல்ற புரதத்தைச் செய்யச் சொல்லி இதே மாதிரி சீட்டு போகும்."

"சரி."

"மைக்ரோ ஆர்என்ஏன்னு ஒண்ணு. ரொம்பக் குட்டி. சுமாரா இருபத்திரண்டு எழுத்துதான் இருக்கும். அது போய் அந்தச் சீட்டு மேல ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டா உள்ள இருக்கறவங்களால படிக்க முடியாது. ரொட்டி வராது."

"அந்தச் சனியனை யாரு உள்ள விட்டது?"

"புழுவேதான் செய்யுது."

"அதுக்கென்ன பைத்தியமா?"

"எல்லாச் சீட்டுக்கும் நிறுத்தாம ரொட்டி போட்டா? மாவு தீரும், கேஸ் தீரும், கல்லு கருகும். பாக்டீரியாவை எதிர்க்கறதே அளவு மீறினா புழு தன் உடம்பையே கெடுத்துக்கும் கா. அதுக்குத்தான் இந்த பிரேக். நோய் வந்தா சில பிரேக்கை விடும், அடங்கினதும் திரும்பப் பிடிக்கும்." ரொட்டியைப் பிய்த்தபடி என்னைப் பார்த்தாள். "உனக்குத்தான் அந்த பிரேக்கே கிடையாது."

கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவள் சிரித்தாள்.

அப்புறம் தன் வேலையைச் சொன்னாள். மருந்து அடித்தும் சாகாத புழுக்களை எடுத்து, அவற்றில் எந்த மைக்ரோ ஆர்என்ஏ குறைந்திருக்கிறது, எது கூடியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். எதிர்ப்பை அடக்குகிற பிரேக் எதுவென்று தெரிந்தால், அதையே செய்து ஓலையில் தடவலாம். புழுவால் எதிர்க்க முடியாது, கொஞ்சம் மருந்தே போதும்.

"அதையே திருப்பிப் போட்டா? பிரேக்கை எடுத்துட்டா என் புழு பிழைக்குமா?"

"அப்படியும் யோசிக்கறாங்க. உன் பட்டுப்புழுவை வச்சுத்தான் இதுல நிறையப் படிச்சிருக்காங்க, தெரியுமா? ஆனா கொட்டகையில போடற மாதிரி எதுவும் என் கையில இல்ல கா. இருந்தா தர மாட்டேனா?"

என் புழுகூட எனக்குத் தெரியாமல் பெரிய பெரிய படிப்பெல்லாம் பார்த்திருக்கிறது. நான் மட்டும்தான் ஒன்பதாம் வகுப்பு.

டீ ஆறிக்கொண்டிருந்தபோதுதான் மனதில் தைத்தது. சாகாத புழு என்கிறாளே, அதில் பாதிக்கு மேல் ஜுரத்தில் கிடந்தவையாகத்தானே இருக்கும்? அவை இரையே எடுத்திருக்காது. மருந்து வயிற்றுக்குள் போகவே இல்லை. எதிர்த்துப் பிழைத்த புழு என்று அவள் எண்ணுவது, தூங்கிப் பிழைத்த புழு.

வாயைத் திறந்தேன். பிறகு ரொட்டியை வைத்து மூடிக்கொண்டேன். அவளுக்குத் தெரியாத ஒன்று முதல் முறையாக என்னிடம் இருந்தது. கொஞ்ச நேரம் வைத்திருக்கலாம் என்று தோன்றியது.

புதன்கிழமை குருணில் இருக்கும் அவள் மாமியார் வீட்டுக்குப் போகும் வழியில் காரில் புகை கிளம்பி நின்றது. மழை. ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து ரேடியேட்டரைப் பார்த்தார். மலாயில் அவர் சொன்னதை ஸ்டெல்லா எனக்குச் சொன்னாள்: "தண்ணி ஊத்தாம வண்டிய ஓட விட்டா அதுவும் கோவிச்சுக்கும் அக்கா." சூடு ஆறும் வரை காருக்குள் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடியில் மூச்சு படிந்தது.

"இந்த ரிசல்ட் சரியா வந்தாத்தான் அடுத்த வருஷம் என் வேலைய நீட்டிப்பாங்க," என்றாள் வெளியே பார்த்தபடி. "இல்லன்னா வீட்டுலதான். இந்தப் பக்கம் வேற யாரு புழு ஆராய்ச்சிக்குச் சம்பளம் தரப்போறா?"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்தது. சொல்லவில்லை. 'வீட்டுலதான்' என்றாள் பாருங்கள், வீட்டில் இருப்பது ஏதோ குழிக்குள் விழுவது மாதிரி. நான் அந்தக் குழியில்தான் இத்தனை வருடமும் இருக்கிறேன்.

வியாழக்கிழமை ஆராய்ச்சிக்கூடம். எனக்கும் வெள்ளைக் கோட்டும் தலைக்கு உறையும் கொடுத்தார்கள். காலையில் தோட்டத்திலிருந்து பறித்து வந்த உயிருள்ள பைகளை ஸ்டெல்லா கத்தரியால் பிரித்துப் புழுவை எடுத்தாள். அளவு பார்த்து, ஒரே பருவம் என்று ஒன்றாகச் சேர்த்தாள். சின்ன உரலில் போட்டு, புகை கக்கும் குளிர்ந்த திரவத்தை ஊற்றி, மாவாக இடித்தாள். ஐனா என்னிடம் ஏதோ சொன்னாள். "உங்க தங்கச்சி கை மாதிரி சுத்தமான கை இங்க யாருக்கும் இல்லையாம்," என்று ஸ்டெல்லா வெட்கத்தோடு மொழிபெயர்த்தாள்.

அந்தச் சுத்தமான கையில் இருந்த புழுவைப் பார்த்தேன். தலையில் பழைய ஓடு தொப்பிபோல் கழன்று நின்றது, ஜுரத்தில் கிடக்கிற புழுவின் அடையாளம். அடுத்ததற்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும். ஒன்றன்பின் ஒன்றாக உரலுக்குள் போயின. நான் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். இடித்த புழுவைத் திரும்பப் புழுவாக்க முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வெள்ளி மாலை ராஜு அண்ணன் ஸ்டெல்லா வீட்டு வாசலில் வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். கையில் சிவப்புக் கயிறு கட்டிய ஓலை. ஸ்டெல்லாதான் கதவைத் திறந்தாள்.

"மிஸ், உங்க அக்கா சூன்யக்காரி லா! நூல் கட்டின பை பதினொண்ணு, பதினொண்ணும் உசுரோட இருக்கு. செவ்வாய் மழைல மருந்தெல்லாம் கழுவிட்டுப் போச்சு, இதுங்க இப்பத்தான் எந்திரிச்சுத் திங்குதுங்க. திங்கக்கெழமையே சொன்னாங்க, இதெல்லாம் சாவாதுன்னு. அஞ்சு ரிங்கிட் பந்தயம்!" சட்டைப் பையைத் தடவினார். "சில்லறை இல்ல கா. நாளைக்குத் தரேன்." வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஸ்டெல்லா ஓலையை மேசைமேல் வைத்து ஒவ்வொரு பையாகப் பார்த்தாள். இப்போது வாய் திறந்து எல்லாம் தின்றுகொண்டிருந்தன.

"ஜுரம்," என்றேன். "தோலுரிக்கறப்ப இரை எடுக்காது."

"எனக்குத் தெரியும். புஸ்தகத்துல இருக்கு. பையப் பிரிச்சதும் அளவத்தான் பாத்தோம், தலையப் பாக்கல." குரல் மெதுவாக வந்தது. "நான் அரைச்சதெல்லாம் இதுதானா?"

"பாதிக்கு மேல."

"எப்ப தெரிஞ்சது உனக்கு?"

"செவ்வாய். ரொட்டி சாப்பிடறப்ப."

"நேத்து லேப்ல பக்கத்துல நின்னியேக்கா."

"நின்னேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பழசையெல்லாம் எடுத்துப் போட்டு ஒரு சண்டை பிடித்திருப்பேன். அவள் எழுந்துபோய் ஐனாவுக்குப் போன் செய்தாள். மலாயில் நிறையப் பேசினாள். எனக்குப் புரிந்தது என் உறவுமுறை மட்டும். காக்கா, காக்கா என்று இரண்டு முறை சொன்னாள். அக்கா என்று அர்த்தம்.

திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தாள். "உன் புழு எப்பக்கா கறுக்குது?"

"நாலாம் ஜுரம் முடிஞ்சு."

"எல்லாம் எழுந்த பிறகா இலை போடறே?"

"முதல்ல எழுந்தது பசியில தலையைத் தூக்கிப் பாக்குமே. மனசு கேக்காது. போட்டுருவேன்."

"மிச்சதெல்லாம் ஜுரத்துல கிடக்கறப்ப?"

"ஆமா."

"அதுங்க மேல ஈர இலை புழுங்கிக் கிடக்கும். பாக்டீரியாவுக்கு விருந்து. எழுந்ததும் பலமில்லாத வயித்தோட அதைத்தான் திங்கும். தூங்கற புழுவுக்கு ஊட்டறியேக்கா நீ."

இதைத் துறைக்காரரும் சொல்லியிருக்கிறார். துண்டுக் காகிதத்தில் அச்சடித்தும் கொடுத்திருக்கிறார். ஆனால் ஒரு புழு பசியோடு தலையைத் தூக்கிப் பார்க்கும்போது அச்சடித்த காகிதம் யாருக்கு ஞாபகம் வரும்? அதுதான் காரணம் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பெட்டி கட்டும்போது மூன்று பாட்டில்களையும் அவளே எடுத்துப் போனாள். ஒன்றில் நெத்திலிச் சம்பல், ஒன்றில் ஜாதிக்காய் ஊறுகாய். மூன்றாவது காலியாகவே வந்தது. அதன் மூடிமேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ரொட்டிக் கடைச் சீட்டு அளவுதான், அவள் கையெழுத்தில்: "எல்லாம் எழும் வரை இலை வேண்டாம்."

விமான நிலையத்தில் அவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. "போனதும் மெசேஜ் போடு," என்றாள். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தேன். காரை எடுக்காமல் அங்கேயே நின்றிருந்தாள்.

மருந்து எங்கே என்று தெருவில் கேட்டார்கள். வந்துகொண்டிருக்கிறது என்றேன்.

புது இளம்புழு வந்து நாலாம் ஜுரமும் வந்தது. சீட்டைக் கொட்டகைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். முதல் புழுக்கள் எழுந்து தலையைத் தூக்கிப் பார்த்தபோது என் கை தானாக இலைக்கூடைக்குப் போனது. சீட்டைப் பார்த்தேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். மறுபடி கூடைக்குப் போனது, மறுபடி துடைத்தேன். கடைசிப் புழு எழும் வரை கதவுக்கு வெளியே கல்லின்மேல் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

இதை எழுதும்போது ஜுரம் முடிந்து நாலாம் நாள். கறுத்தவை இதுவரை ஒன்பது, எடுத்துப் புதைத்துவிட்டேன். போன முறை இந்நேரம் கூடை கூடையாக அள்ளினேன். இன்னும் கூடு கட்டவில்லை, ஆகவே எதையும் சொல்லமாட்டேன். தக்காளி நாற்றுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஸ்டெல்லா அரைத்ததையெல்லாம் கொட்டிவிட்டு, வாய் திறந்த பைகளை மட்டும் பொறுக்கி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். வேலை நீட்டிப்பு பற்றி இன்னும் தெரியவில்லை. தினமும் ஒரு படம் அனுப்புகிறாள், பேச்சு குறைவு. செவ்வாயிலிருந்து வெள்ளி வரை நான் வாயை மூடிக்கொண்டிருந்த மூன்று நாளை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குக் கணக்கு இல்லை. கணக்குத் தெளிவாக இருப்பது ராஜு அண்ணனிடம் மட்டும்தான். அவர் எனக்கு இன்னும் ஐந்து ரிங்கிட் தரவேண்டும்.